பத்துக் குற்றமும் ஒரு டிஸ்சார்ஜ் கடிதமும்

"எனக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும் மேடம். எழுதினாத்தான் மார்க் வர மாட்டேங்குது."

என் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் முதல் நாள் சொல்வது பெரும்பாலும் இதுதான். பொய் இல்லை, நிஜமாகவே தெரியும். ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் கேஸ் ஷீட்டும் ரிப்போர்ட்டும் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள். திருச்சி தில்லைநகர் பக்கம் ஒரு மாடி அறை, 14 நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்ஸுகள். பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போவதற்காக, மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். மிச்சப் பேர் ஐஇஎல்டிஎஸ் என்ற பொது ஆங்கிலத் தேர்வை எழுதும் இன்ஜினியர்கள், ஆய்வேட்டோடு மல்லுக்கட்டும் பிஎச்டி மாணவர்கள், எப்போதாவது ஒரு வங்கி அதிகாரி. ஏ பி சி டி-யிலிருந்து சொல்லிக்கொடுக்கும் தோழிகள் என்னைப் பார்த்து, "உனக்கென்ன, எல்லாம் தெரிஞ்ச பசங்க" என்பார்கள். அவர்கள் காலி மனையில் வீடு கட்டுகிறார்கள். நான் ஆள் குடியிருக்கும் பழைய வீட்டில் ஒயரிங் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாலைந்து வருடம் சிவப்புப் பேனாவைத்தான் நம்பினேன். விட்டுப்போன ஒவ்வொரு 'தி'-யையும் (the) 'அ'-வையும் (a) செருகினேன். இந்தச் சின்னச் சொற்கள் நம்மவர்களுக்கு எத்தனை வருடம் ஆனாலும் வழுக்கும். தமிழில் 'ஒரு'வும் 'அந்த'வும் உண்டு, ஆனால் தேவைப்பட்டால் போடுவோம், இல்லையென்றால் விட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. அப்புறம் 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்', ஒருமை பன்மை. நள்ளிரவு வரை உட்கார்ந்து திருத்துவேன். ஒருநாள் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு இன்ஜினியர் தன் தாளை வாங்கிப் பொறுமையாக எண்ணினார். "43 இடம் மேடம். இதுல எது முக்கியம்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 43 இடத்தையும் சரி செய்தால்கூட அந்தக் கட்டுரை தேறாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இந்தத் துறையில் இது பழைய சண்டை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இலக்கணத் திருத்தத்தால் எழுத்து முன்னேறுவதில்லை, கெடுதல்கூட உண்டு, எனவே விட்டுவிடுங்கள் என்று 1996-ல் ஜான் ட்ரஸ்காட் என்ற ஆய்வாளர் எழுதினார். அவ்வளவு அவசரப்படாதீர்கள் என்று 1999-ல் டானா ஃபெரிஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் பதில் எழுதினார். நான் யார் பக்கம் என்று கேட்டால், காலையில் ட்ரஸ்காட், மாலையில் ஃபெரிஸ். ஆனால் சிவப்புப் பேனாவை நிறுத்தினேன். ட்ரஸ்காட்டைவிட அந்த இன்ஜினியரின் கேள்விதான் அதற்குக் காரணம்.

ஓஇடி எழுத்துத் தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொத்தம் 45 நிமிடம். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுப்பார்கள். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. மீதி 40 நிமிடத்தில் அந்த நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகும் ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டும், சுமார் 180 முதல் 200 சொல்லுக்குள். திருத்துகிறவர்கள் ஆறு விஷயத்தைப் பார்க்கிறார்கள். கடிதத்தின் நோக்கம் உடனே தெரிகிறதா, வேண்டிய தகவல் இருக்கிறதா, சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறதா, தொனி பொருத்தமா, அமைப்பு ஒழுங்கா, மொழி சரியா. ஆறில் மொழி ஒன்றுதான். நம் ஆட்கள் அந்த ஒன்றுக்கு மட்டும் ஆறு மாதம் தயார் செய்துகொண்டு வருகிறார்கள்.

பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் கேட்பது வாசிப்பு, கேட்டல், பேச்சு என்ற மற்ற மூன்று பிரிவிலும் பி கிரேடு, எழுத்தில் மட்டும் சி பிளஸ் போதும். ஐஇஎல்டிஎஸ் என்றால் மற்றதில் 7, எழுத்தில் 6.5. எழுத்துக்கு மட்டும் படியைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாழ்ந்த படியிலும் கால் இடறிக்கொண்டுதான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

அப்படி வந்தவர்தான் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு நர்ஸ். ஒன்பது வருட வார்டு அனுபவம். எழுத்தில் இரண்டு முறை போய்விட்டது. நான் கொடுத்த பயிற்சிக் குறிப்பு இது: 74 வயதுப் பாட்டி, வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, எட்டாம் நாள் வீட்டுக்குப் போகிறார். நாளையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கப்போகும் நர்ஸுக்குக் கடிதம் எழுத வேண்டும். குறிப்பில் நான் வேண்டுமென்றே எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். 1989-ல் பித்தப்பை ஆபரேஷன், ஓய்வுபெற்ற டீச்சர், தோட்ட வேலை பிடிக்கும், ஒரு பூனை, பெனிசிலின் அலர்ஜி, ரத்தம் உறையாமல் இருக்க 28 நாள் ஊசி, 14-ம் நாள் தையல் ஸ்டேப்பிளை எடுக்க வேண்டும், தனியாக இருக்கிறார், பாத்ரூம் மாடியில்.

அவர் கடிதத்தை 1989-ல் தொடங்கினார். பித்தப்பை வந்தது, டீச்சர் வேலை வந்தது, கணவர் இறந்தது வந்தது. வாக்கியங்களில் பிழை மிகக் குறைவு. இடுப்பு எலும்பு முறிய மூன்றாவது பத்தி ஆனது. ஊசியைப் பற்றிக் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. பெனிசிலின் வரவே இல்லை, சொல் கணக்கு முடிந்துவிட்டது. பூனை மட்டும் வந்திருந்தது.

தாளை மடித்து வைத்துவிட்டு, "சிஸ்டர், நான் நைட் டூட்டிக்கு வந்திருக்கேன். நீங்க டே டூட்டி முடிச்சுக் கிளம்பறீங்க. இந்தப் பாட்டியை எங்கிட்ட ஒப்படைங்க. தமிழ்லயே சொல்லுங்க" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "அக்கா, பெட் ஆறு, எழுபத்தி நாலு வயசுப் பாட்டி, இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு எட்டாம் நாள், இன்னைக்கு வீட்டுக்குப் போறாங்க. தனியா இருக்காங்க. பெனிசிலின் அலர்ஜி, மறந்துடாதீங்க. ஊசி இன்னும் இருபது நாள் இருக்கு. பதினாலாம் நாள் ஸ்டேப்பிள் எடுக்கணும். வாக்கர் வச்சு நடக்கறாங்க, ஆனா பாத்ரூம் மாடில இருக்கு, அதை மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க."

"பித்தப்பை எங்க போச்சு?"

"அது எதுக்கு மேடம் இப்ப?" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிட்டார்.

அரை நிமிடம்தான் இருக்கும். நோக்கம், வேண்டிய தகவல், சுருக்கம், அமைப்பு, எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் ஒன்பது வருடமாகச் செய்துவந்த காரியம். பேனாவையும் காகிதத்தையும் கொடுத்து "இங்கிலீஷ்ல எழுது" என்றதும் அவர் நர்ஸ் என்பதே அவருக்கு மறந்துபோய், பத்தாம் வகுப்புப் பெண்ணாக மாறிவிடுகிறார். அங்கே கட்டுரை என்பது பக்கத்தை நிரப்புவது. படிப்பவர் என்று ஒருவர் கிடையாது, திருத்துபவர் மட்டுமே உண்டு. அவருக்குப் பிடித்தது நிறைய. எனவே தெரிந்ததை எல்லாம் எழுது. பூனையை விடாதே.

அன்றிலிருந்து நர்ஸுகள் யாரானாலும் முதலில் வாயால் ஒப்படைக்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கும் இதே வைத்தியம்தான்: உன் ஆராய்ச்சியை உன் அம்மாவுக்கு மூன்று வரியில் சொல், அதை எழுது, அதற்கப்புறம் 'மெத்தடாலஜி'க்குப் போ.

இங்கே ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். ஆங்கிலம் நேர்க்கோட்டில் போகும் மொழி, நம்ம ஆட்கள் சுற்றி வளைத்துத்தான் யோசிப்பார்கள், அதனால் எழுத்தும் அப்படித்தான் வரும் என்பது. இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1966-ல் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் கேப்லன் ஐந்து கோட்டுப் படங்கள் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலத்துக்கு நேராக இறங்கும் அம்பு, கிழக்கத்தியருக்குச் சுருள். பின்னாளில் அவரே அதன் காரத்தைக் குறைத்துக்கொண்டார். ஆனால் படம் வார்த்தையைவிட நீண்ட நாள் வாழும். ஆசிரியர் பயிற்சிகளில் அது இன்னமும் சுற்றுகிறது.

தமிழ் வாக்கியத்தில் காரணம் முன்னால் வரும், வினை கடைசியில் வரும், அது வாஸ்தவம். அந்தப் பழக்கம் கொஞ்சம் ஆங்கிலத்திலும் கசியும். வெள்ளிக்கிழமை இரவு சர்வரை இரண்டு மணி நேரம் நிறுத்த அனுமதி வேண்டும் என்று மெயில் எழுதிய ஒரு பையன், சர்வரின் வரலாறு முழுவதையும் சொல்லிவிட்டு ஏழாம் வரியில் அனுமதி கேட்டிருந்தான். சரி. ஆனால் சுற்றி வளைப்பதெல்லாம் தமிழ்ப் புத்தி என்பதை நான் ஏற்கவில்லை. 'ஐ பெக் டு ஸ்டேட்', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்', 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் லீவ் லெட்டர், இதெல்லாம் எந்தத் தமிழிலிருந்து வந்தது? வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ் குமாஸ்தாவின் ஆங்கிலம் அது. வெள்ளைக்காரன் தன் ஊரில் அதைக் கைவிட்டு ரொம்ப நாளாகிறது. நாம் மட்டும் தாத்தாவின் கோட்டைப் போல மடித்து வைத்துக் காப்பாற்றுகிறோம்.

தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று நம்மிடம் ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போடுகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பத்து அழகு என்று இன்னொரு பட்டியலும் உண்டு, அதில் முதலாவது 'சுருங்கச் சொல்லல்', அடுத்தது 'விளங்க வைத்தல்'. ஓஇடிக்காரர்கள் ஒரே தலைப்பில் சேர்த்து வைத்திருக்கும் அதே இரண்டு. நம் பாட்டன் வீட்டுப் பரணில் இருந்ததைத்தான் இப்போது காசு கட்டி வாங்குகிறோம் என்று ஒரு நாள் வகுப்பில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து பலகையின் ஓரத்தில் அந்தப் பத்தும் நிரந்தரமாக இருக்கின்றன.

இப்போது தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டெழுத்துத்தான் போடுகிறேன். 'மி.கூ.' என்றால் மிகைபடக் கூறல். 'கூ.கூ.' கூறியது கூறல். பூனைக்கு 'ம.வி.', மற்றொன்று விரித்தல். நன்றாகத் தொடங்கி நாலாவது பத்தியில் மூச்சு வாங்கி நின்றுவிடும் ஐஇஎல்டிஎஸ் கட்டுரைகளுக்கு 'செ.தே.', சென்று தேய்ந்து இறுதல். இதற்கு ஆங்கிலத்தில் இத்தனை கச்சிதமான ஒரு சொல்லை நான் இதுவரை பார்க்கவில்லை. பத்தில் இலக்கணப் பிழைக்கு நேராக வருவது வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றுதான், அதையும் ஒரு தாளுக்கு ஒரு வகைக்கு மேல் குறிப்பதில்லை. இந்த வாரம் 'தி', அடுத்த வாரம் பன்மை. 43 இடம் கேள்வி இனி வராது.

வெற்றெனத் தொடுத்தலை, அதாவது பொருளில்லாத வெறும் சொற்களை அடுக்குவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், அவ்வளவு கோபம் இருக்கிறது. கோச்சிங் என்ற பெயரில் கட்டுரை அச்சு விற்கிறார்கள். 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று ஆரம்பி, 'டபுள் எட்ஜ்டு சோர்ட்' என்று நடுவில் போடு, 'டு கன்க்ளூட்' என்று முடி. நடுவிலுள்ள ஓட்டைகளில் தலைப்பைச் செருகிக்கொள். 250 சொல் தேவை என்றால் 110 சொல் அச்சிலேயே வந்துவிடும். வேறொரு இடத்தில் அப்படிப் பணம் கட்டிவிட்டு வந்த ஒரு பையனின் கட்டுரையில் மூன்று பத்தி படித்த பிறகும் தலைப்பு செல்போனா சுற்றுச்சூழலா என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கே உறுதியில்லை. மனப்பாடம் என்று தெரிந்தால் மார்க் போய்விடும் என்பதை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பாதி நோய் வாசிப்பில்தான் இருக்கிறது.

நன்னூலில் மாணாக்கர் வகையும் உண்டு. அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டும் பன்னாடை) நாலும் கடைசி. ஆடு ஏன் கடைசி என்றால், ஒரு செடியில் நின்று வயிறு நிறைய மேயாது, இங்கே ஒரு கடி அங்கே ஒரு கடி. ஓஇடி வாசிப்பின் முதல் பகுதியில் நாலு சின்னத் துண்டுகள், 20 கேள்வி, 15 நிமிடம். அங்கே ஆடாக இருந்தால்தான் பிழைப்பு. என் வகுப்பில் இருப்பவர்கள் எல்லாம் பசு. முதல் வரியிலிருந்து அசைபோட்டு, தெரியாத சொல்லுக்கு அடிக்கோடிட்டு, மேலே பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதி, இரண்டாவது துண்டுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். "சிஸ்டர், 15 நிமிஷத்துக்கு ஆடு, அதுக்கப்புறம் பசு" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வகுப்பு மாட்டுக்கொட்டகை ஆகிவிட்டது.

சொல் தெரியாததுதான் பிரச்சினை என்று எல்லோரும் நம்புகிறார்கள். சொல் தெரியாமல் போவது உண்டுதான். ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்தால்தான் உதவியில்லாமல் படிக்க முடியும், செய்தித்தாளும் நாவலும் படிக்க அது எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்தது) வரும் என்று நியூசிலாந்தின் மொழி ஆய்வாளர் பால் நேஷன் 2006-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். என்னிடம் வருகிறவர்கள் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்களை வீழ்த்துவது பெரிய சொல் இல்லை. 'மே', 'அப்பியர்ஸ்', 'ஹார்ட்லி', 'ஆல்தோ' போன்ற பொடிசுகள். ஒரு பிஎச்டி மாணவி, 'தொடர்பிருக்கலாம்' என்று சொன்ன கட்டுரையை மேற்கோள் காட்டி 'காரணமாகிறது' என்று எழுதியிருந்தார். அந்த 'மே' அவர் கண்ணிலேயே படவில்லை. தமிழில் யாராவது "வந்தாலும் வருவான்" என்று சொன்னால் "வருவான்" என்று போய்ச் சொல்வாரா? மாட்டார்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒரு கேள்வி வகை உண்டு. கொடுத்த வாக்கியம் சரியா, தப்பா, அல்லது 'நாட் கிவன்', அதாவது கட்டுரையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையா. இந்த மூன்றாவது விடை நம்மவர்களுக்கு ஏறவே ஏறாது. பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி எப்படி வரும் என்று வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வங்கி அதிகாரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கனடாவில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்வதற்காக எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் வனிலாவைப் பற்றி ஒரு பக்கம் கொடுத்தேன். 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டுபிடித்தான், அதனால் அந்தத் தீவில் பெரிய வியாபாரமே உருவானது என்பது வரை அதில் இருந்தது. கேள்வி: அந்தக் கண்டுபிடிப்பால் எட்மண்ட் பணக்காரர் ஆனார்.

அவர் 'தப்பு' என்று போட்டிருந்தார்.

"நாட் கிவன், சார்."

"எப்படி மேடம்? அந்த மனுஷன் கஞ்சிக்கில்லாம செத்தார். நானே படிச்சிருக்கேன்."

அவர் சொன்னது உண்மைதான். எட்மண்ட் ஆல்பியஸ் 1880-ல் வறுமையில்தான் இறந்தார். "உங்களுக்குத் தெரியும் சார். இந்தப் பக்கத்துக்குத் தெரியாது" என்றேன். அவருக்கு மனம் ஆறவில்லை. முப்பது வருடம் கடன் விண்ணப்பம் பார்த்தவர். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதாவது, பார்ட்டி நல்லவன்னு எனக்குத் தெரியும், ஆனா ஃபைல்ல பேப்பர் இல்ல" என்றார். நான் மூன்று வகுப்பு எடுத்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போதெல்லாம் வகுப்பில் 'நாட் கிவன்' என்று யாரும் சொல்வதில்லை. "ஃபைல்ல பேப்பர் இல்ல" என்றுதான் சொல்கிறார்கள்.

பெரம்பலூர் சிஸ்டர் மூன்றாவது முறை தேறினார். இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் முதியோர் வார்டில் இருக்கிறார். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "மேம், எங்க வார்டு மேனேஜர் என் நோட்ஸைப் பாத்துட்டு 'குவைட் குட்'னு மெயில் போட்டிருக்காங்க. இது பாராட்டா, திட்டா?"

நல்ல கேள்வி. அந்த ஊரில் 'குவைட்' பொல்லாத சொல். 'ரொம்ப' என்றும் அர்த்தம் வரும், 'ஏதோ பரவாயில்லை' என்றும் வரும். ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது, முழு மெயிலையும் அனுப்புங்கள் என்றேன்.

ஸ்கிரீன்ஷாட் வந்தது. அடுத்த வரியில், இன்னும் கொஞ்சம் சின்னதாக எழுதினால் நன்றாக இருக்குமோ என்று அந்த அம்மா மிகவும் மரியாதையாக, 'பெர்ஹாப்ஸ்' போட்டு எழுதியிருந்தார்.

நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து அடுத்த செய்தி வந்துவிட்டது.

"மி.கூ. தானே மேம்?"